ஐந்நூற்றொன்று

இரவு இரண்டு பத்துக்கு டாலிஸ் அழைத்தான்.
"உன் புரோகிராம் படுத்துவிட்டது, வெல்கா.
மைனஸ் ஐந்நூற்றொன்று."
எதையோ மென்றுகொண்டே சொன்னான்.
ரை ரொட்டியாக இருக்கும். அவனுக்கு எந்த நேரமும் பசி.

ரீகாவில் அந்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
முதல் டிராமுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
டாக்ஸிக்காரன் கேட்டான்: "ஆஸ்பத்திரிக்கா?"
"ஓய்வூதிய அலுவலகத்துக்கு."
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தான்,
வேகத்தைக் கூட்டினான்.

செய்தவள் நான்தான். அதை வழியிலேயே தெரிந்துகொண்டேன்,
பாலத்தின் நடுவில்,
கீழே உறைந்த ஆறு வெள்ளையாய்க் கிடக்க.

வியாழக்கிழமை லியெபாயாவிலிருந்து ட்சித்ரா பொரிந்து தள்ளினாள்:
கவுண்டரில் திரை உறைகிறது,
எதிரே குல்லாயைக் கையில் பிடித்தபடி ஆறு பேர் நிற்கிறார்கள்,
உங்கள் ரீகாக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.
நியாயம்தான்.
என் இரவு வேலை விடிந்த பின்னும்
பூட்டுகளை விடாமல் கட்டிக்கொண்டிருந்தது.
ஐந்நூறு பேருக்கு ஒரு கமிட் என்று
ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
சோதனை அட்டவணையில் இருந்தவர்கள்
முந்நூற்றுப் பதினான்கு பேர்.
எல்லோருக்கும் பணம் போனது.
போய்க் காபி குடித்தேன்.

கர்சர் ஒன்றும் பெரிய சங்கதி இல்லை,
நீளமான பட்டியலின் மேல் வைத்த விரல்.
எந்தப் பட்டியல் என்று முதலில் அறிவிக்க வேண்டும்.
திறந்தால், விரல் முதல் பெயருக்குச் சற்று மேலே நிற்கும்.
பிறகு எடு, எடு, எடு,
ஒவ்வொரு பெயராய் இறங்கும்.
கமிட் என்றதும் தரவுத்தளம் பூட்டுகளை அவிழ்த்தது,
விரலையும் தட்டிவிட்டது.
பிடித்துக்கொள் என்று நான் சொல்லவில்லையே.

ஐந்நூறு இலைகளில் சோறு விழுந்துவிட்டது.
ஐந்நூற்றொன்றாவது இலைக்கு முன்னால்
என் புரோகிராம் குனிந்து நிற்கிறது,
கையில் வாளி இல்லாமல்.

பிழை எண்ணும் ஐந்நூற்றொன்று,
ஆளும் ஐந்நூற்றொன்று.
இதில் அர்த்தம் தேடக் கூடாது.
ஆனாலும் பெயரை எடுத்துப் பார்த்தேன்:
வால்ஃப்ரீட்ஸ் குகைனிஸ், தால்ஸி,
பிறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு,
நானூற்றுப் பதினொரு யூரோ இருபது சென்ட்.
தூங்கிக்கொண்டிருப்பார்.
அவருக்குக் கீழே
எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம் பேர்,
அவர்களும்.

அறிவிப்பில் இரண்டே சொல் சேர்த்தேன்: வித் ஹோல்டு.
பூட்டுகள் போகட்டும், விரல் இருக்கட்டும்.
அதைவிட, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் என்னை வியர்க்கவைத்தது.
முதலிலிருந்து ஓட்டினால் ஐந்நூறு பேருக்கு இரட்டைப் பணம்,
அப்புறம் அதைத் திருப்பிக் கேட்டு ஐந்நூறு கடிதங்கள்,
என் பெயர் இல்லாமல், அலுவலக முத்திரையோடு.
கடைசியாகப் பணம் போன எண்ணைக் காகிதத்தில் எழுதினேன்.
டாலிஸ் அதை உரக்கப் படித்தான்.
நான் தட்டினேன்.
அவன் இன்னொருமுறை படித்தான்.

ஆயிரத்தைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.
தாண்டியதும் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

ஐந்து நாற்பதுக்கு நூறு வந்தது.
மைனஸ் இல்லாத நூறு. பிழை இல்லை,
எடுக்க இனி யாரும் இல்லை என்பதற்கு அதன் மொழி.
கர்சரை மூடும் வரி ஓடியது.
புரோகிராம் முடிந்தால் அது தானாகவே மூடிக்கொள்ளும்,
அந்த வரி தேவையில்லை என்பார்கள்.
தெரியும். எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

சம்பவப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
'முந்நூற்றுப் பதினான்கு' என்று நிரப்பினேன்.
யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ட்சித்ராவின் குரல்:
"இன்று திரை உறையவே இல்லை. என்ன செய்தாய்?"
பின்னால் யாரோ இருமுவது கேட்டது,
நாணயங்கள் கண்ணாடித் தட்டில் விழுவதும்.
"வியாழக்கிழமை சொன்னாயே, அதைத்தான்" என்றேன்.